நிறையாத தொட்டி

"செப்டிக் டேங்க் கட்டி இருபது வருஷமாச்சுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு லாரி வந்ததில்லை." இதைப் பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். கேட்பவரும் கொத்தனார் யார் என்று விசாரிப்பார். கைராசிக்காரர் போலிருக்கிறது என்று பெயரைக் குறித்துக்கொள்வார். அதே பேச்சு ஒரு சுகாதாரப் பொறியாளர் காதில் விழுந்தால், கிணறு எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் கசடு சேர்ந்துகொண்டேதான் போகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை எடுத்தாக வேண்டும். இருபது ஆண்டுகளாக எடுக்க வேண்டியே வரவில்லை என்றால், உள்ளே போனது சத்தமில்லாமல் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

சமவெளியில் அந்த 'எங்கோ' எது என்று அறியத் தோண்டிப் பார்க்க வேண்டும். மலையில் அந்தச் சிரமம் இல்லை; கீழே பார்த்தால் போதும்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. ஊரின் நடுவே ஏரி. படகு இல்லம், பக்கத்தில் அண்ணா பூங்கா, சுற்றிலும் சரிவுகள், சரிவுகளில் வீடுகளும் லாட்ஜ்களும் பள்ளி விடுதிகளும். சரிவுகளில் விழும் மழைதான் ஏரிக்கு வரவு. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடையாகப் போய்க் கிளியூரில் சுமார் 300 அடி உயர அருவியாக விழுகிறது. கிளியூர் அருவியில் தலையைக் காட்டுகிறவர் ஏற்காடு ஏரியின் மிச்சத்தில்தான் தலையைக் காட்டுகிறார்.

ஏரி மட்டும் அல்ல. சேர்வராயன் மலை பல ஆறுகளுக்குத் தாய்வீடு. வடக்கே இறங்கும் வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தைக் கடந்தும், மேற்குச் சரிவிலிருந்து வரும் சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகவும் காவிரியைச் சேர்கின்றன. மலையில் குடியிருப்பவர்களுக்கோ ஊற்றும் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் நெருங்கிய சொந்தம். இந்தத் தண்ணீரெல்லாம் பிறக்கும் அதே மண்ணில்தான் ஒவ்வொரு வளாகமும் தன் கழிவையும் இறக்குகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் வேறு வழியும் கிடையாது. அவரவர் கழிவு அவரவர் மனைக்குள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாறையைக் குடைந்து மலைச்சரிவில் சாக்கடைக் குழாய் பதிப்பதைவிட, நன்றாகப் பராமரித்த செப்டிக் டேங்க் பல இடங்களில் புத்திசாலித்தனமான ஏற்பாடு. சிக்கல் 'நன்றாகப் பராமரித்த' என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

லாரியே வராத தொட்டியைப் பற்றிய பெருமிதம் ஒரு வகையில் அந்தத் தொட்டியோடு கூடப் பிறந்தது. பிரான்ஸில் வெசூல் என்ற ஊரில் ழான்-லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக்கு ஒரு கழிவுத் தொட்டி கட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது கெட்டிக் கழிவு மலையாகக் குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்தவருக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் தெரிந்தது. ஏதோ மாயம் நடக்கிறது என்று மகிழ்ந்து, மொய்ஞோ என்ற பாதிரியார் விஞ்ஞானியின் துணையோடு சோதனைகள் செய்து, 1881-ல் காப்புரிமையும் வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அதே உத்தியைப் பெரிய அளவில் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். அதிலிருந்து வந்த மீத்தேன் வாயுவை வைத்து விளக்கும் எரித்துக் காட்டினார். காற்றில்லாத இருட்டில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று கரைக்கின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் தின்பதில்லை. மூராவின் தொட்டியிலிருந்து வெளியே போன நீர் சுத்தமாகவும் இல்லை.

தொட்டிக்குள் நடப்பது எளிய வேலை. கழிவுநீர் உள்ளே வந்து ஓரிரு நாள் அசையாமல் நிற்கிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே, ஆறிய பாலில் படியும் ஆடைபோல, ஒரு படலமாகத் திரள்கின்றன. நடுவில் நிற்கும் கலங்கல் நீர் மட்டும் மறுமுனைக் குழாய் வழியாக வெளியேறுகிறது. மேலே மிதப்பது கூடவே போய்விடாமல் இருக்கத்தான் அந்தக் குழாயின் முனையில் 'டி' வடிவ இணைப்பு. வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். கரிமச் சுமை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைந்திருக்கும். கிருமிகள்? அநேகமாக வந்தபடியே இருக்கும். நூறு மில்லிலிட்டரில் பத்து லட்சம் கோலிபார்ம் கிருமிகள் சாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தரம் அதே நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. இந்த இடைவெளியைக் கடக்கும் வேலை தொட்டியுடையது அல்ல, மண்ணுடையது.

அதனால்தான் தொட்டிக்கு அடுத்து உறிஞ்சுகுழி. வெளிவரும் நீர் கல்லும் ஜல்லியும் நிரப்பிய குழியில் இறங்கி, அங்கிருந்து மண்ணில் மெல்லக் கசிய வேண்டும். நீர் நிறைந்து ஊறாத, காற்றோட்டமுள்ள மண்ணில் கிருமிகள் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன, பட்டினி கிடக்கின்றன, மண்ணின் சொந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. சில அடி நல்ல மண் செய்யும் இந்த வேலைக்கு மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். நேரம் மட்டும் வேண்டும்.

சேர்வராயனில் அந்த நேரம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. மலையின் உடல் சார்னோக்கைட் என்ற கடும்பாறை. (1893-ல் டி.எச். ஹாலண்ட் என்ற நிலவியலாளர், கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்குப் போட்ட கல்லை வைத்து அந்தப் பாறைக்குப் பெயர் சூட்டினார். கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்து.) இந்தப் பாறைக்குள் நீர் ஊறாது. மேலே சிதைந்து மண்ணான அடுக்கிலும், பாறையில் ஓடும் வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் நிற்கிறது. மண் அடுக்கு கனமாக இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழி அழகாக வேலை செய்யும். வீடு கட்டச் சரிவை வெட்டி மட்டப்படுத்தி, மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் பாறை தலைகாட்டும் இடத்தில் குழி தோண்டினால், கழிவுநீர் நேரே வெடிப்பில் இறங்கும். நல்ல மண்ணில் ஒரு நாளைக்குச் சாண் கணக்கில் நகரும் நீர், வெடிப்புக்குள் பத்து மீட்டர், நூறு மீட்டர் என்று ஓட முடியும்.

கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சும் இடத்துக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470 சொல்லும் விதி. அறுபது அடி. வண்டல் மண்ணுக்கு நியாயமான தூரம். வெடிப்புள்ள பாறையில், அதுவும் கிணறு கீழ்ச்சரிவில் இருந்தால், அறுபது அடியை நம்பித் தூங்க முடியாது. ஜெர்மனியும் பிரிட்டனும் இதைத் தூரக் கணக்கில் பார்ப்பதில்லை. நாள் கணக்கில் பார்க்கின்றன. நிலத்தடி நீர் கிணற்றை அடைய ஐம்பது நாள் ஆகும் எல்லைவரை பாதுகாப்புக்கான உள்வளையம். அந்த ஐம்பது நாளில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் செத்துவிடும் என்பது கணக்கு. ஏற்காட்டில் ஒரு மனையில் ஐம்பது நாள் என்பது இருநூறு அடியாக இருக்கலாம், பக்கத்து மனையில் ஒரு கிலோமீட்டராக இருக்கலாம். நாடா பிடித்து அளப்பதோடு வேலை முடியாது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கிருமி கிணற்றுக்குப் பகை என்றால், ஏரிக்குப் பகை பாஸ்பரஸ். கிருமி சாகும், பாஸ்பரஸ் சாகாது. கனடாவின் ஒன்டாரியோ காட்டுப் பகுதியில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் 226 என்ற எண் கொண்ட ஏரி நடுவில் இடுங்கி இரண்டு பாகமாக இருக்கும். 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த இடுக்கில் நைலான் இழையோடிய பிளாஸ்டிக் திரையை இறக்கி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பக்கம் அவை இரண்டோடு பாஸ்பரஸும் போட்டார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் பாசி படர்ந்தது. மற்றது கருநீலமாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த ஒற்றைப் புகைப்படம், சோப்புத்தூளில் பாஸ்பேட் வேண்டாம் என்று வாதாடியவர்களுக்கு ஆயிரம் பக்க அறிக்கையைவிட உதவியது.

மனிதர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேற்றுகிறார். ஆண்டுக்கு அரை கிலோ. ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏரியில் ஐந்நூறு கிலோ வரை ஈரப் பாசியை வளர்க்கும் என்று நீரியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது முழுக்க ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் ஆள் ஒன்றுக்குக் கால் டன் பாசி. ஏரி நீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதே பாசிக்கு விருந்து தொடங்கிவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு குடம் கழிவுநீரைச் சரிக்கட்ட ஐந்நூறு குடம் நல்ல நீர் வேண்டும். பாசி செத்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீர்கிறது, மீன் மிதக்கிறது, சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சும் சுரக்கும். ஊட்டி ஏரியை ஆகாயத்தாமரையும் கோடப்பமந்து கால்வாய் வழியே வந்த சாக்கடையும் என்ன பாடு படுத்தின என்பது ஊரறிந்த கதை. 1820களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்த ஏரி அது.

இங்கே ஏற்காட்டுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது; யாரும் அதிகம் பேசாத செய்தி. இம்மலையின் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் ஏராளம். மலையுச்சிப் பகுதியில் மால்கோ நிறுவனம் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டியெடுத்தது அதனால்தான். இந்த உலோக ஆக்சைடுகள் பாஸ்பேட்டைப் பிடித்தால் விடாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காப்பி வளர்க்கும் மலை இது. உரமாகப் போடும் பாஸ்பேட் செடிக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே மாட்டிக்கொள்கிறது என்பது செம்மண் காப்பித் தோட்டக்காரர்களின் பழைய புலம்பல். தோட்டக்காரருக்கு நஷ்டம் தரும் அதே குணம் ஏரிக்குக் காவல். கழிவுநீர் சில மீட்டர் செம்மண் வழியாகக் கசிந்து வந்தால் பாஸ்பரஸில் பெரும்பகுதி வழியிலேயே சிறைப்பட்டுவிடும்.

மண் வழியாக வந்தால்தான். தொட்டியின் வெளிக்குழாயைத் தெரு வாய்க்காலில் திருப்பிவிட்டால், மழைக்காலத்தில் அந்த வாய்க்கால் ஓடையில் சேர்ந்தால், மண்ணுக்கு இதில் வேலையே இல்லை. தமிழ்நாடு முழுக்க இது பரவலான பழக்கம். உறிஞ்சுகுழிக்கு இடமில்லை, தோண்டினால் பாறை, மேஸ்திரி 'அப்படியே டிரெய்னேஜ்ல விட்டுடலாம் சார்' என்கிறார். வேறு சில இடங்களில் தொட்டியே கிடையாது. நாலைந்து சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மேலே ஒரு ஸ்லாப் போட்டு அதைச் செப்டிக் டேங்க் என்று கூப்பிடுகிறார்கள். அடியில் தளம் கிடையாது. இருபது ஆண்டு லாரி வராத ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சுற்றுலா ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. ஐ.எஸ். 2470 அட்டவணைப்படி ஐந்து பேர் வீட்டுக்குத் தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம் போதும். சுமார் 1125 லிட்டர். ஆளுக்கு நூறு லிட்டர் வைத்தால் தினம் 500 லிட்டர். கழிவு இரண்டு நாளுக்கு மேல் நின்று படிய நேரம் இருக்கிறது. அந்த வீடு ஹோம்ஸ்டே ஆகிறது. மே மாதக் கோடை விழா, சனிக்கிழமை இரவு, வேன் நிறைய இருபது பேர். இப்போது நாளைக்கு 2000 லிட்டர். நீர் உள்ளே நிற்பது பதின்மூன்றரை மணி நேரம். அதிலும் அடியில் மூன்றிலொரு பங்கு பழைய கசடு கிடந்தால் ஒன்பது மணி நேரம். காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் குளிக்கப் போகும்போது அந்தக் கசடே கலங்கிக் கிளம்பி வெளிக்குழாயில் போகும். உறிஞ்சுகுழியின் ஜல்லி இடுக்குகளை அடைக்கும். அடைத்த குழியை யாரும் தோண்டிச் சரிசெய்வதில்லை. பக்கத்தில் ஒரு குழாய் செருகி வாய்க்காலுக்கு விட்டுவிடுவார்கள். இது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஐந்து பேர் தொட்டியை இருபது பேர் பயன்படுத்தும்போது தானாக நடப்பது.

சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஐ.எஸ். 2470 ஆண்டுக்கொரு முறை கசடெடுப்பதே நல்லது என்கிறது. சிறு வீடுகளுக்கு இரண்டு ஆண்டு என்று சலுகை தருகிறது. 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு உள்ளாட்சிகளுக்கான செப்டேஜ் மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2017-ல் மத்திய அரசின் தேசியக் கொள்கை வந்தது. 2022-ல் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டங்களில் திருத்தம் கொண்டுவந்து, கழிவுநீர் லாரிகள் உரிமம் பெற்றே ஓட வேண்டும், கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம் என்று ஆக்கினார்கள். மலைக்கென்று 1990-லிருந்து மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதாவது எல்லாரும் 'ஹாகா' என்று சொல்வது, இருக்கிறது. அதன் பட்டியலிலுள்ள கிராமங்களில் கட்டடம் எழுப்ப அதன் ஒப்புதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டை பளிச்சென்று தெரியும். கட்டும்போது வரைபடத்தில் தொட்டி இருக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டு. கழிவு லாரியில் ஏறியபின் அதைப் பிடிக்கவும் சட்டம் உண்டு. இடையில் அந்தத் தொட்டி பூமிக்குள் கிடக்கும் முப்பது நாற்பது ஆண்டுகளில் மூடியைத் திறந்து பார்க்கிற கடமை நடைமுறையில் யாருக்கும் இல்லை. வீட்டுக்காரர் லாரியைக் கூப்பிட்டால்தான் கதை தொடங்கும். கூப்பிடாதவர்தான் பிரச்சினை. கூடவே, மலைநகரங்களில் ஊட்டியும் கொடைக்கானலும் நகராட்சிகள். ஏற்காடு நெடுங்காலம் ஊராட்சியாகவே இருந்தது. லாரி உரிமத்துக்கான அந்த நகர்ப்புறச் சட்டம் மலையேறுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

அயர்லாந்தில் இதே ஓட்டையை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கிராமப்புற செப்டிக் டேங்குகளைக் கண்காணிக்கும் சட்டமே இல்லை என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2012-ல் சட்டம் வந்தது: ஏறத்தாழ ஐந்து லட்சம் தொட்டிகளும் பதிவாக வேண்டும், சோதனைக்கு உட்பட வேண்டும். பதிவுக் கட்டணம் ஐம்பது யூரோ என்றதும் கிராமங்கள் கொதித்தன. ஊருக்கெல்லாம் சாக்கடை போட்டுக் கொடுத்தவர்கள் எங்களிடம் காசு கேட்கிறார்களா என்று கூட்டம் போட்டார்கள். அரசு இறங்கிவந்து, முன்கூட்டிப் பதிவோருக்கு ஐந்து யூரோ என்றது. பதிவு நடந்தது. 2013 முதல் நடக்கும் சோதனைகளில் ஏறக்குறைய பாதித் தொட்டிகள் தேறுவதில்லை. அங்கே எல்லா வீட்டையும் சோதிப்பதும் இல்லை. ஆறும் குடிநீர்க் கிணறும் ஆபத்தில் உள்ள பகுதிகளாகப் பார்த்து ஆண்டுக்கு ஆயிரம் சொச்சம். பல தவறுகள் பெரிய செலவு இல்லாதவை: கசடு எடுக்காதது, உடைந்த குழாய், மழைநீரைத் தொட்டிக்குள் விட்டது.

ஏரிக்காகவே எழுதிய விதிக்கு நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரி உதாரணம். அந்த ஏரிப் பூங்கா ஆணையம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, கரையிலிருந்து 500 அடிக்குள்ளும், ஏரிக்கு வரும் குறிப்பிட்ட ஓடைகளிலிருந்து 100 அடிக்குள்ளும் உள்ள தொட்டிகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதித்தாக வேண்டும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸில் வேறு வழி. அங்கே 1995-லிருந்து வீட்டை விற்க வேண்டுமானால் செப்டிக் சோதனை அறிக்கை வேண்டும். விற்கிற அவசரத்தில் யாரும் தகராறு செய்வதில்லை. நம் ஊருக்கு இரண்டாவது யுக்தியே பொருந்தும் என்பது என் எண்ணம். ஏற்காட்டில் வீடு கைமாறுவதைவிட லாட்ஜுக்கும் ஹோம்ஸ்டேக்கும் உரிமம் புதுப்பிப்பது அடிக்கடி நடக்கும். புதுப்பிக்கும் தாளோடு தொட்டிச் சோதனைத் தாளையும் சேர்த்துக் கேட்டால், சுமை அதிகமான தொட்டிகள்தான் முதலில் கணக்குக்கு வரும்.

சோதனை என்றதும் பெரிய கருவிகளை நினைக்க வேண்டாம். ஆறடிக் குச்சியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். மூடியைத் திறந்து, சற்று விலகி நின்று காற்று போகவிட்டு, குச்சியைத் தரை தட்டும் வரை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் பிடித்து மெல்ல உருவினால், துண்டில் கருப்பாகப் படிந்த உயரமே கசடின் உயரம். இன்னொரு குச்சியின் நுனியில் சிறு பலகை அடித்து, மேலுள்ள ஆடைக்குள் நுழைத்து மெல்ல இழுத்தால் கை தட்டுப்படும் இடத்தில் ஆடையின் அடிப்பாகம். இரண்டும் சேர்ந்து நீராழத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் லாரியைக் கூப்பிடலாம். பிறகு உள்ளே வரும் குழாய், வெளியேறும் 'டி' இரண்டும் இருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பழைய தொட்டிகளில் வெளி 'டி' உடைந்து விழுந்திருப்பது சர்வசாதாரணம். தொட்டியின் நீர்மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழே இருந்தால், அடியிலோ சுவரிலோ ஒழுகல். அந்த ஒரு பார்வையே இருபது ஆண்டுப் பெருமையைத் தீர்த்துவிடும்.

கழிவுநீர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் சாயம். கழிப்பறையில் ஃப்ளூரெசின் தூளைக் கொஞ்சம் போட்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, வாய்க்காலையும் ஓடையையும் கவனித்தால் போதும். மனிதருக்குத் தீங்கில்லாத பளிச்சென்ற பச்சை. கிணற்றுக்கு வேறு சோதனை: 1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலேயே உருவான ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. சிறு குப்பியில் மருந்து தோய்ந்த காகிதம் இருக்கும். கிணற்று நீரை நிரப்பி ஓரிரு நாள் வீட்டு வெப்பத்தில் வைத்தால், மலக்கிருமி இருக்கும் நீர் கறுத்துவிடும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இப்படி நீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்றே இருக்கிறது. கிணற்றைச் சோதிக்கத் தெரிந்தவர்களுக்குத் தொட்டியை அளக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பகல் போதும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குச்சிதான் உள்ளே போக வேண்டும், ஆள் அல்ல. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவைத் தொட்டதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாசம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவரும், அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்குபவரும் சாவது இப்படித்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக்கியது. முறையாக அளந்து, கசடு குழம்பாக இருக்கும்போதே லாரி உறிஞ்சிவிட்டால் ஆள் இறங்கும் பேச்சே எழாது. பத்து இருபது ஆண்டு கிடந்து கல்லாக இறுகிய கசடைத்தான் குழாய் இழுக்காது; அப்போதுதான் யாரையாவது இறக்கச் சொல்வார்கள்.

உறிஞ்சிய லாரி எங்கே போகும்? மலைக்கு இது சிக்கலான கேள்வி. இருபது வளைவு இறங்கிச் சேலம் போய்க் கொட்டிவிட்டு ஏறிவர டீசலும் அரை நாளும் ஆகும். இரவில் ஏதாவது ஒரு வளைவில் குழாயைத் திறந்துவிட்டால் இரண்டும் மிச்சம். சோதனையைக் கட்டாயமாக்கி, கொட்ட இடம் தராவிட்டால், வீட்டுத் தொட்டியில் கிடந்த கழிவை ஓடைக்கு மாற்றிய புண்ணியம்தான் மிஞ்சும். தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-ல் கருங்குழியில் வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை; கசடை மணல் படுகையில் உலர்த்தி, வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கும் ஏற்பாடு. அப்படி ஒன்றை ஏரியின் நீர்வரத்துப் பகுதிக்கு வெளியே, மலையிலேயே அமைக்கச் சில ஏக்கர் போதும். மழையும் பனியும் அதிகமுள்ள இடத்தில் படுகைக்கு மேலே கூரை வேண்டும், அவ்வளவே.

செலவுக்கு மகாராஷ்டிரத்தின் வாய் என்ற சிறுநகரைப் பார்க்கலாம். அங்கே நகராட்சி 2018-லிருந்து வீட்டுக்காரர் கூப்பிடக் காத்திருப்பதில்லை. மூன்றாண்டுக்கொரு முறை எல்லா வீட்டுத் தொட்டியையும் முறைவைத்துக் காலி செய்கிறது. செலவைச் சிறு சுகாதார வரியாக ஆண்டுதோறும் வாங்கிக்கொள்கிறது. ஒரே நாளில் மூவாயிரமும் நாலாயிரமும் எடுத்து வைக்க முடியாத குடும்பத்துக்கு இது தோது. வாரக் கடைசியில் வந்துபோகும் பயணிகளால் பாதிச் சுமை ஏறும் ஊரில், அந்த வரியில் பெரும்பங்கை அறை வாடகையோடு சேர்ப்பதே நியாயம். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் குடும்பத்திடமும் முப்பது அறை ரிசார்ட்டிடமும் ஒரே தொகை கேட்டால் அயர்லாந்துக் கூட்டம் இங்கேயும் கூடும்.

தொடங்க வேண்டிய இடம் ஏரியில் வந்து விழும் ஓடைகளின் இரு கரைகள். பங்குனியும் சித்திரையும் சாயம் போடத் தோதான மாதங்கள். மழையில்லாத நாளில் ஓடையில் பச்சை தெரிந்தால், அது எந்த வளாகத்திலிருந்து வந்தது என்பதில் வழக்குக்கு இடமில்லை. மே மாதக் கூட்டம் மலையேறுவதற்குள் ஓடையோர லாட்ஜ்களை முடித்துவிடலாம். உறை இறக்கிய வீடுகளுக்கு ஓர் ஆண்டு அவகாசமும் கடனுதவியும் கொடுத்து, அடுத்த பங்குனிக்கு அவர்களிடம் போகலாம்.